ஒரு பிடியும் ஒரு கட்டைவிரலும்

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கிறது பெண்டில்டன். 1910-இல் தொடங்கிய 'ரவுண்ட்-அப்' என்ற ரோடியோ, அதாவது மாட்டிடையர்களின் வீரவிளையாட்டு விழா, செப்டம்பரில் இந்த ஊரையே தலைகீழாக்கிவிடும். மற்ற ஊர்களில் புழுதித் தரை. இங்கே திடலின் நடுவில் பச்சைப் புல். முரட்டுக் குதிரைச் சவாரி பார்க்கத்தான் போயிருந்தேன். படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தால் எட்டே விநாடியில் எல்லாம் முடிந்துவிடும். தெரிந்தவர் ஒருவர் தயவில், குதிரைகளை அடைத்திருக்கும் கூண்டுகளுக்குப் பின்னால் நிற்க இடம் கிடைத்தது. தொழில் நடப்பது அங்கேதான்.

சவாரியில் இரண்டு வகை. ஒன்று சேணமில்லாதது. குதிரையின் முன்தோளை ஒட்டித் தடித்த தோல்பட்டை ஒன்றை இறுக்குகிறார்கள். அதில் பெட்டிக்கு இருப்பதுபோல ஒரு கைப்பிடி. பிசின்பொடி தேய்த்த கையுறையோடு கையை அதில் திணித்துக்கொண்டால், உடம்பு மொத்தமும் அந்த ஒரு கையின் பொறுப்பு. தோளும் முழங்கையும் சீக்கிரம் தேய்ந்துபோகிற வேலை.

மற்றது சேணச் சவாரி. பண்ணைகளில் பழகாத குதிரைகளைப் பழக்கிய வேலையிலிருந்து பிறந்தது. ரோடியோக்காரர்கள் இதற்குத் தனி மரியாதை வைத்திருக்கிறார்கள். பிடித்துக்கொள்ளச் சேணத்தின் முன்னால் கொம்பு கிடையாது. குதிரையின் வாயில் கடிவாள இரும்பும் கிடையாது. முகக்கயிற்றிலிருந்து வரும் பின்னல் வார் ஒன்றுதான், அதையும் ஒரே கையால் பிடிக்க வேண்டும். மற்றக் கை குதிரைமேலோ சேணத்திலோ தன் உடம்பிலோ பட்டால் மதிப்பெண் போச்சு. ஆளுக்கொரு விதமான சேணத்தோடு வந்தால் போட்டி எப்படிச் சமமாகும் என்று முன்பு ஒரு வழக்கு இருந்தது. சேணத்துக்குப் பொது அளவு வகுத்து அதைத் தீர்த்ததில் இந்த ஊர் ஹாம்லி சேணப் பட்டறைக்குப் பெரும் பங்கு உண்டு.

எனக்குப் பக்கத்தில் மொன்டானாவிலிருந்து வந்த இளைஞர் ஒருவர். அவருக்குக் குலுக்கலில் விழுந்தது செம்பழுப்புப் பெண்குதிரை. சேணத்தைக் கட்டிவிட்டு, வாரைக் குதிரையின் கழுத்தோடு நீட்டி, சேணத்தின் முன்மேட்டுக்குப் பின்னால் கைமுட்டியை வைத்துக் கட்டைவிரலை விரித்தார். ஒரு பிடி, ஒரு கட்டைவிரல்: சராசரிக் குதிரைக்கு அதுதான் கணக்கு. ஆனால் எந்தக் குதிரை சராசரி? அவர் திரும்பி, அதே பரிசுப் பணத்துக்குப் போட்டியிடும் இன்னொருவரிடம் கேட்டார். "தலையை ரொம்பக் கீழ போடும். இன்னும் ரெண்டு விரல் விடு" என்று தயங்காமல் பதில் வந்தது. வார் குட்டையானால் குதிரை தலையைத் தாழ்த்தும்போது ஆள் முன்னால் கவிழ்வார். நீளமானால் பிடிமானமே இராது. இளைஞர் பிடரியிலிருந்து இரண்டு மயிரைப் பிடுங்கி, சொன்ன இடத்தில் பின்னலுக்குள் செருகி அடையாளம் வைத்தார். எதிராளிக்கு இப்படித் துப்புக் கொடுக்கிற விளையாட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

தலையசைத்தார். கதவு பக்கவாட்டில் திறந்தது. முதல் துள்ளலில் குதிரையின் முன்கால்கள் தரையில் பதியும்போது, சவாரிக்காரரின் குதிகால்கள் அதன் தோள்முனைக்கு மேலே இருக்க வேண்டும். தவறினால், மீதிச் சவாரி எவ்வளவு அழகாக இருந்தாலும் கணக்கில் சேராது. குதிரை பின்னங்கால்களை உதைக்கும்போது அவர் பாதங்கள் சேணத்தின் பின்விளிம்பு வரை வளைந்து போயின. அது தரையிறங்குவதற்குள் மறுபடி தோளுக்கு வந்தன. அந்தத் தாளம் நான்கைந்து துள்ளல்வரை பிசகவில்லை. அப்புறம் குதிரை வலப்பக்கம் வெட்டியது. ஒரு பாதம் பின்தங்கியது. அவ்வளவுதான், புல்லில் கிடந்தார். இரண்டு மீட்புக் குதிரைக்காரர்கள் இருபுறமும் நெருங்கி, உதைப்பை உயர்த்தக் குதிரைக்குக் கட்டியிருந்த வயிற்றுப்பட்டையை அவிழ்த்துவிட்டார்கள். இந்த இருவரின் பெயரைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. சவாரி முடித்தவர்களை ஓடும் குதிரையிலிருந்து இழுத்தெடுத்து உயிரோடு இறக்கிவிடுவது இவர்கள்தான்.

மதிப்பெண் நூறு. அதில் பாதி ஆளுக்கு, பாதி குதிரைக்கு. சாதுவான குதிரை வந்தால் பாவம், ஆள் விழாமலே தோற்பார். அதனால் நல்ல முரடு வாய்த்தால் சந்தோஷப்படுகிறார்கள். குதிரைகளுக்கும் சாம்பியன் பட்டம் உண்டு. கால்கரி ஸ்டாம்பீட் பண்ணையின் 'கிரேட்டட் கோகனட்' ஆறு முறை உலகப் பட்டம் வாங்கியது. தேங்காய்த் துருவல் என்று பெயர் வைக்கப்பட்ட ஒரு முரட்டுக் குதிரை!

இந்த மதிப்பெண் எல்லாக் காலத்திலும் நேர்மையாகவே விழுந்தது என்று சொல்ல முடியாது. 1911-இல் இதே ஊரில் ஜார்ஜ் ஃப்ளெட்சர் என்ற கறுப்பினச் சவாரிக்காரரே வென்றார் என்று கூட்டம் நம்பியது. பட்டம் வெள்ளையரான ஜான் ஸ்பெயினுக்குப் போனது. ஷெரிஃப் டில் டெய்லர் ஃப்ளெட்சரின் தொப்பியைத் துண்டு துண்டாக வெட்டிக் கூட்டத்திடம் விற்றுப் பணத்தை அவரிடமே கொடுத்தார். அதே இறுதிச் சுற்றில் இருந்த நெஸ் பெர்ஸ் பழங்குடிக்காரர் ஜாக்ஸன் சன்டவுன், ஐம்பது வயதைத் தாண்டியபின் 1916-இல் பட்டத்தை வென்றார்.

குதிரைக்கு வலிக்காதா என்று கூண்டருகே கேட்டேன். வயிற்றுப்பட்டையைக் கையில் கொடுத்தார்கள். உட்புறம் ஆட்டுத்தோல் கம்பளி. சவாரிக்காரரின் குதிகாலில் இருக்கும் குதிமுள்ளின் சக்கரம் மழுங்கியது, விரலால் தொட்டாலே சுழல்கிறது. துள்ளுவது இந்த வம்சத்தின் ரத்தத்தில் இருப்பது, பட்டை உதைப்பை உயர்த்துகிறது, அவ்வளவே என்கிறார்கள். பிரிட்டன் 1934-லேயே இத்தகைய சவாரியைச் சட்டத்தால் தடுத்தது. வலி இல்லை என்பதை என்னால் ஏற்க முடிகிறது. தொந்தரவே இல்லை என்பதை ஏற்க முடியவில்லை. தொந்தரவு இல்லாவிட்டால் அதைக் கட்டவே தேவை இராதே.

மனிதர்களுக்கும் இது சுலபமான பிழைப்பு அல்ல. சம்பளம் கிடையாது. நுழைவுக் கட்டணம் கட்டி ஏறி, விழுந்தால் வெறுங்கை. 1936-இல் பாஸ்டனில் பரிசுத்தொகை போதாது என்று வேலைநிறுத்தம் செய்துதான் இவர்கள் சங்கமே அமைத்தார்கள். தலையை நீட்டத் தாமதித்தவர்கள் என்பதால் 'ஆமைகள் சங்கம்' என்று தங்களுக்கே பெயர் வைத்துக்கொண்டார்கள்.

மொன்டானா இளைஞர் நொண்டியபடி வந்து சேணத்தைப் பைக்குள் போட்டார். துப்புக் கொடுத்தவருக்கு அன்று நல்ல மதிப்பெண். இந்த இருவரும் இன்னும் இருவருமாக நால்வர் ஒரே வேனில் இரவோடிரவாக அடுத்த ஊருக்குப் போகிறார்கள். பரிசு வாங்கியவர்தான் இன்றைக்குப் பெட்ரோல் போட வேண்டும் என்று மற்ற மூவரும் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.