ஆமைக்கும் அலுக்கும்

இலங்கையின் அலங்கார மீன் கடைகளில் கிடைக்கும் சிவப்புக் காது ஆமைக் குஞ்சு, வாங்கும்போது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். வளர்ந்தால் ஓடு மட்டுமே 25 சென்ரிமீற்றரைத் தாண்டக்கூடும். 20, 30 வருடம் உயிர்வாழும். அதைக் கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டு விறாந்தையில் வைத்திருப்பவர்கள், "அது தன்ரபாட்டில கிடக்கு" என்பார்கள். ஊர்வன வளர்த்துப் பழகியவர்களை உறுத்துவது அந்தக் கிடைதான்.

வோஷிங்டன் தேசிய மிருகக்காட்சிச்சாலையில் பிக்ஃபேஸ் என்றொரு நைல் ஆமை பல பத்தாண்டுகள் தனியே கிடந்தது. தன் கழுத்தையும் முன்கால்களையும் தானே கடித்தும் பிறாண்டியும் புண்ணாக்கிக்கொண்டது. தொட்டிக்குள் பந்து, வளையம், தடி எல்லாம் போட்டுப் பார்த்தார்கள். ஆமை பந்தை மூக்கால் முட்டித் தள்ளியது, வளையத்துக்குள் நுழைந்து வெளியேறியது, காயப்படுத்திக்கொள்வது குறைந்தது. கோர்டன் பர்கார்ட் என்ற ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும் 1996இல் இதை எழுதினார்கள். ஊர்வனவும் விளையாடும் என்பதை அறிவியல் உலகம் உற்றுப்பார்க்க வைத்த ஆமை அது.

ஆனால் பந்துக்கு முன்னால் ஒளிவிடம். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நஞ்செடுக்கும் பாம்புகளை மண்பானையில்தான் வைக்கிறது. அடியில் மணல், வாயில் துணி, உள்ளே இருட்டு. ஒளியக் கிடைத்தால் பாம்பு அடங்கியிருக்கும் என்பது இருளருக்குத் தெரியும்.

யாழ்ப்பாணத்து வளவுக்கு இதெல்லாம் எட்டாத காரியமல்ல. மரத்தின் அரைநிழலில் அகலமான சீமெந்துத் தொட்டி, ஏறி வெயில் காயச் சரிவான கல், அடியில் புகுந்துகொள்ள உடைந்த பானை. காகமும் நாயும் அண்டாமல் மேலே வலை. தொட்டி முழுவதும் வெயிலில் இருந்தால் தண்ணீர் கொதித்துவிடும், நிழல் கட்டாயம். யன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் போதாது. உயிர்ச்சத்து டி3 உருவாகத் தேவையான புற ஊதா-பி கதிரைக் கண்ணாடி மறித்துவிடும். அது கிடைக்காமல் போனால் ஓடு மெத்தென்றாகும். கங்குன் கீரையைக் கட்டாக மிதக்கவிட்டால் ஆமை துரத்தித் துரத்திக் கிழித்துத் தின்னும். கல்லையும் பானையையும் இடைக்கிடை இடம்மாற்றினால் தொட்டியை மறுபடி சுற்றிப் பார்க்கும்.

வளர்க்க முடியாமல் போனாலும் சிவப்புக் காது ஆமையைக் குளத்தில் விட்டுவிடாதீர்கள்: அது அமெரிக்க இனம், உள்ளூர் நன்னீராமைகளின் இடத்தைப் பிடித்துவிடும். பற்றைக்குள் நட்சத்திர ஆமையைக் கண்டால் தூக்கிவரவும் வேண்டாம். அதைப் பிடித்து வளர்ப்பது இலங்கைச் சட்டப்படி குற்றம்.