பன்னிரண்டு மாதப் பாக்கி

ஜீவனாம்சம் என்ற சொல்லைப் பிரித்தால் பிழைப்புக்குரிய பங்கு என்று பொருள் வரும். பங்கு கேட்பவர் யாசகரல்லர். காட்டூரில் எங்கள் தெருவில் தையல் வேலை செய்யும் பெண்மணியைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. மகளுக்கென நீதிமன்றம் விதித்த மாதம் 3,000 ரூபாய்க்காகக் கன்டோன்மென்ட்டுக்குப் பேருந்து ஏறும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒருநாள் கூலியை இழக்கிறார்.

ஒருமுறை 20 மாதங்கள் பணம் வரவில்லை. இன்று தருவார், நாளை தருவார் என்று காத்திருந்து, பிறகே மனுச் செய்தார். வழக்கறிஞர் கணக்குப் பார்த்துவிட்டு 12 மாதப் பாக்கிக்குத்தான் வாரண்ட் கேட்கலாம் என்றார். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு அப்படித்தான் சொன்னது. 2024 ஜூலையில் அதனிடத்துக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. தொகை சேரவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் கேட்காவிட்டால் அதற்கு வாரண்ட் இல்லை. பொறுமைக்கு விலை 24,000 ரூபாய். (2001 வரை இப்பிரிவில் மாதம் 500 ரூபாய்க்குமேல் கேட்கவே வழியில்லை என்பதையும் நினைத்துக்கொள்ளலாம்.)

வாரண்ட் பிறப்பித்தும் வசூலாகாவிட்டால், ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை. உள்ளே போய்வந்தால் கடன் தீர்ந்தது என்று நம்பும் கணவர்கள் உண்டு. 1989இல் குல்தீப் கௌர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மறுத்தது: சிறை என்பது பணத்தை வரவழைக்கும் உபாயமே, பணத்துக்கு ஈடன்று. நியாயமான தீர்ப்பு. ஆயினும் சிறையிலிருப்பவர் சம்பாதிப்பதில்லை. “அவர உள்ள தள்ளி எனக்கென்னண்ணே, புள்ளைக்கு ஃபீஸ் கட்டணுமே” என்றார் அந்தப் பெண்மணி.

மாதச் சம்பளக்காரரென்றால் வழியுண்டு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவின்படி ஜீவனாம்சத்துக்காகச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குவரை ஜப்தி செய்யலாம். சாதாரணக் கடனுக்கு அவ்வளவு முடியாது. இத்தகைய உத்தரவைப் பண வழக்கின் தீர்ப்பாணைபோல நிறைவேற்றலாம் என்று ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இருதரப்பும் வருமானத்தையும் சொத்தையும் பிரமாணப் பத்திரத்தில் காட்டவேண்டும் என்றும் பணித்தது. ஆனால் இவருடைய கணவர் துவாக்குடிப் பக்கத்துப் பட்டறைகளில் தினக்கூலிக்கு வெல்டிங் செய்பவர். இம்மாதம் ஒரு பட்டறை, அடுத்த மாதம் வேறொன்று. கூலி கையில் ரொக்கமாக வருகிறது. எந்த முதலாளிக்கு ஜப்தி உத்தரவை அனுப்புவது?

இப்போதெல்லாம் பத்து மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் மனுச் செய்துவிடுகிறார். நாட்காட்டியில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டமிடுவது பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள்.