தழும்பு தெரியும் தோல்

ஆம்பூரில் ஏதாவது ஒரு டேனரியின் செலக்ஷன் மேசையருகே நின்றவர்கள் கவனித்திருப்பார்கள். ரகம் பிரிக்கிறவர் முதலில் பார்ப்பது வெளிச்சத்தை. தோலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, ஓரத்தை மடக்கி, மடிப்பின் மேல் கட்டைவிரலை ஓட்டுவார். உண்ணி கடித்த புள்ளி, முள்கம்பி கிழித்த கோடு, சூடு போட்ட வட்டம் என்று மாடு உயிரோடிருந்தபோது பட்டதெல்லாம் அந்த மேல்பக்கத்தில் பதிந்து கிடக்கும். தழும்பு கூடினால் ரகம் இறங்கும். இறங்கிய தோலையும் யாரும் வீசிவிடுவதில்லை. மேல்பக்கத்தை உரசித் தேய்த்து, நிறமும் பூச்சும் ஏற்றி, சூடான தகட்டில் அழுத்தி, மயிர்க்கண் மாதிரியே ஓர் அச்சைப் பதித்துவிடுவார்கள். கடையில் ஷூ வாங்குகிறவருக்கு அது மாசு மறுவற்ற தோல். மேசைக்காரர் ஒருமுறை மடக்கிப் பார்த்தால் போதும், எது பிறவித் தோல், எது பூசிய தோல் என்று சொல்லிவிடுவார்.

தன்வரலாறு படிக்கிற வாசகருக்கும் அப்படி ஒரு விரல் தேவைப்படுகிறது. அமெரிக்காவில் ஜேம்ஸ் ஃப்ரே என்பவர் 2003-இல் தன் போதை வாழ்க்கையை நினைவுக்குறிப்பாக எழுதினார். ஓப்ரா வின்ஃப்ரே நிகழ்ச்சியில் பேசப்பட்டு அந்தப் புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. மாதக்கணக்கில் சிறையில் கிடந்ததாக அவர் எழுதியது உண்மையில் சில மணி நேரக் காவல்தான் என்பது 2006 ஜனவரியில் வெளியானது. பதிப்பகம் வாசகர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. இப்படிக் கையும் களவுமாகப் பிடிபடும் பொய்யில் வாசகருக்குக் குழப்பமில்லை. பொய் சொல்லும் எண்ணமே இல்லாதவர் எழுதியதை எவ்வளவு நம்புவது என்பதுதான் கடினமான கேள்வி. அதற்கு வேலூர்க் கோட்டையை விட நல்ல இடம் கிடைக்காது.

1806 ஜூலை 10. பொழுது விடியவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். தாடி கூடாது, நெற்றியில் சாதிக்குறி கூடாது, புது மாதிரித் தலைப்பாகையைத்தான் அணிய வேண்டும் என்ற உத்தரவுகள் முந்தைய மாதங்களில் வந்திருந்தன. அந்தத் தலைப்பாகையில் தோலால் செய்த ஒரு வில்லை இருந்தது. இந்து, முஸ்லிம் இரு தரப்புச் சிப்பாய்களுக்கும் அது எவ்வளவு பெரிய அவமானமாகப் பட்டது என்பதைத் தோல் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தோலைத் தொட்டதற்காகவே தள்ளிவைக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கே நிறையப் பேர். விடிவதற்குள் 69-வது படைப்பிரிவின் வெள்ளைச் சிப்பாய்கள் நூற்றுக்கு மேல் கொல்லப்பட்டார்கள். ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்தார், கதவு தகர்க்கப்பட்டது, கோட்டை மீண்டும் கம்பெனியின் கைக்குப் போனது.

அந்த நாளை நேரில் பார்த்த இருவரின் எழுத்து இருக்கிறது. ஒருவர் கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட்டின் மனைவி அமீலியா. கணவர் கொல்லப்பட்டார், அமீலியா குழந்தைகளோடு ஒளிந்து பிழைத்தார். நடந்தது முழுவதையும் இரண்டே வாரத்தில் எழுதி வைத்தார். மற்றவர் பொறியாளர் படையைச் சேர்ந்த ஜான் பிளாக்கிஸ்டன். கோட்டைக் கதவைத் தகர்த்தவர் அவர்தான். அவருடைய நினைவுக்குறிப்பு அச்சேறியது 1829-இல், அதாவது 23 ஆண்டுகள் கழித்து.

இரண்டு வாரம் ஒரு பக்கம், 23 ஆண்டு ஒரு பக்கம். யாரை நம்புவது என்று கேட்டால் எவரும் அமீலியாவைத்தான் காட்டுவார்கள். அதற்கு நியாயமும் இருக்கிறது. 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலையில், எமரி பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் உல்ரிக் நைசர், அந்தச் செய்தியை எங்கே, எப்படிக் கேட்டீர்கள் என்று மாணவர்களிடம் எழுதி வாங்கினார். இரண்டரை ஆண்டு கழித்து 44 பேரிடம் அதே கேள்வியை மறுபடியும் கேட்டபோது, கால்வாசிப் பேர் முக்கியமான எதையுமே சரியாகச் சொல்லவில்லை. அவர்களே எழுதிய தாளை எடுத்து நீட்டியும், எழுத்து என்னுடையதுதான், நடந்தது இப்போது சொல்வது மாதிரிதான் என்று சாதித்தவர்கள் உண்டு. அவர்களில் ஒருவரும் பொய்யர் இல்லை.

ஆகவே மணிக்கணக்குக்கும், எது முன் எது பின் என்ற வரிசைக்கும் அமீலியாதான் சாட்சி. ஆனால் ஒளிந்திருப்பவருக்கு என்ன தெரியும்? துப்பாக்கிச் சத்தம், காலடி ஓசை, கதவிடுக்கில் தெரிந்த கொஞ்சம். அவர் எழுத்து அந்த எல்லைக்குள் நிற்கிறது. நின்றுகொள்கிறது என்பதே அதன் பெருமை.

பிளாக்கிஸ்டன் எழுதியது வேறு சங்கதி. கோட்டை பிடிபட்ட பிறகு, கோட்டைக்குள்ளிருந்த அரண்மனையில் தஞ்சம் புகுந்திருந்த நூற்றுக்கு மேற்பட்ட சிப்பாய்களை வெளியே இழுத்து வந்து, ஒரு சுவரையொட்டி நிறுத்திச் சுட்டுத் தீர்த்தார்கள் என்பதை எழுதியவர் அவர். அதைப் பார்த்துக்கொண்டு தான் கலங்காமல் நின்றதாகவும், அன்று அது சரியான நீதியாகவே பட்டதாகவும், இத்தனை காலம் கழித்து அந்தச் செயலைச் சரியென்று ஏற்பதும், அன்றைக்குத் தனக்கிருந்த மனநிலையை விளக்குவதும் கடினமாக இருக்கிறது என்றும் எழுதுகிறார். கில்லெஸ்பிக்கு லண்டன் புனித பால் பேராலயத்தில் சிலை இருக்கிறது. வேலூர் வெற்றி அந்த நாட்டில் வீரக்கதையாகிவிட்ட பிறகு, இப்படி ஒரு பத்தியை எழுதச் சொல்லி பிளாக்கிஸ்டனை யாரும் கேட்கவில்லை. விட்டுவிட்டிருந்தால் அவருக்கு ஒரு குறையும் வந்திருக்காது. உண்ணி கடித்த புள்ளியைத் தேய்த்து எடுக்காமல் விட்ட இடம் இது. தேதியில் அவர் தவறியிருக்கலாம், எண்ணிக்கையிலும் தவறியிருக்கலாம். அந்தச் சுவரைப் பற்றி அவர் சொல்வதை நம்பலாம் என்றே படுகிறது.

அந்தச் சுவரின் முன்னால் நின்றவர்கள் எழுதவில்லை. சிப்பாய்கள் தரப்பில் எஞ்சியிருப்பவை கம்பெனி நடத்திய விசாரணையில் பதிவான வாக்குமூலங்கள். தூக்குக் கயிறும் பீரங்கி வாயும் கண்முன் இருக்கும்போது மனிதன் சொல்வதை வாழ்க்கை வரலாறாகப் படிக்க முடியாது. முஸ்தபா பேக் கதை இன்னும் சிக்கலானது. எழுச்சிக்குச் சில வாரங்களுக்கு முன்பே, இப்படி ஒரு திட்டம் இருக்கிறது என்று தன் மேலதிகாரியிடம் போய்ச் சொன்ன சிப்பாய் அவர். அதை விசாரிக்கும் பொறுப்பு இந்திய அதிகாரிகளிடமே விடப்பட்டது. அவர்கள் அவரைப் பைத்தியம் என்றார்கள், காவலில் அடைத்தார்கள். ஜூலை 10-க்குப் பிறகு கம்பெனி அவரை விடுவித்து வெகுமதியும் கொடுத்தது. தோழர்களுக்கு அவர் துரோகி, கம்பெனிக்கு விசுவாசி. அவர் தன் வாயால் தன் கதையைச் சொல்லியிருந்தால் எந்த வார்த்தையில் தொடங்கியிருப்பார்?

சிப்பாய் எழுதியதாக ஒரே ஒரு தன்வரலாறு உலகப் புகழ் பெற்றது. வங்காளப் படையில் நெடுங்காலம் பணிபுரிந்த சீதாராம் பாண்டேயின் கதை. நார்கேட் என்ற ஆங்கில அதிகாரி மொழிபெயர்த்து 1873-இல் லாகூரில் வெளியிட்டார். மூலக் கையெழுத்துப்படி கிடைக்கவில்லை. சீதாராம் என்று ஒருவர் இருந்தாரா, அல்லது அதிகாரியே எழுதினாரா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. பிளாக்கிஸ்டன் இருந்தாரா என்று யாரும் கேட்பதில்லை.

வேலூரின் இன்னொரு பெருங்கதை ஐடா ஸ்கடருடையது. 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் பெற்றோருடன் இருந்தபோது, ஒரே இரவில் மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராகக் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், ஒருவர் வேறொரு சாதி இந்து. மூவருடைய மனைவிமாருக்கும் பிரசவம் சிக்கலாகியிருந்தது. அப்பா மருத்துவர், ஆனால் ஆண். அவரை அழைத்துப்போக மூவருமே மறுத்தார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடில்லை. அந்த இரவுதான் தன்னை மருத்துவராக்கியது என்று ஐடா வாழ்நாள் முழுக்கச் சொன்னார். வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் அதை உலகெங்கும் கொண்டுபோனார்கள். மூன்று தட்டல், மூன்று சாதி மதம், ஒரே இரவு. மேடையில் பல நூறு முறை சொல்லப்படும் கதை பாட்டி கதையின் வடிவத்துக்குத் தானாகவே வழவழப்பாகிவிடும். அதனால் அந்த இரவு பொய்யாகிவிடாது. ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்பதற்காகப் பெண்கள் செத்தது அந்தக் காலத்தின் நடப்பு. 1900-இல் ஒற்றைக் கட்டிலோடு அவர் தொடங்கிய வைத்தியம், 1902-இல் மருத்துவமனை, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி என்று வளர்ந்தது கண்முன் நிற்கிறது. ஆனால் ஒன்று உறுத்துகிறது. எல்லோரும் சொல்லும் அந்தக் கதையில் இறந்த மூவருக்கும் பெயரில்லை.

தமிழில் இந்தச் சோதனைக்குத் தன்னை முழுசாகத் திறந்து வைத்தவர் உ.வே.சா. எண்பத்தைந்தை நெருங்கும் வயதில், 1940-இல், ஆனந்த விகடனில் ‘என் சரித்திரம்’ எழுதத் தொடங்கினார். முடிப்பதற்குள் 1942-இல் மறைந்தார். தனக்கு வந்த கடிதங்களைப் பத்திரப்படுத்தி விட்டுச் சென்றவர். சந்தேகப்படும் வாசகர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

கடிதம் வராதவர்கள், வந்தாலும் வைக்கப் பெட்டியில்லாதவர்கள் என்ன செய்வது? பாமாவின் தன்வரலாறான ‘கருக்கு’ 1992-இல் வந்தபோது சொந்த ஊரிலேயே கோபம் எழுந்தது. சில மாதங்கள் அவரால் ஊருக்குள் போக முடியவில்லை. ராஜ் கௌதமன் தன் வாழ்க்கையையே எழுதி ‘சிலுவைராஜ் சரித்திரம்’ என்ற நாவலாக வெளியிட்டார். தோல் பட்டறைப் பூமியான பேரணாம்பட்டிலிருந்து வந்த அழகிய பெரியவனும் நாவலையும் சிறுகதையையும்தான் கையிலெடுத்தார். அட்டையில் ‘நாவல்’ என்று இருப்பதாலேயே உள்ளிருப்பது உண்மை குறைந்தது என்று எண்ணுவது அவசரம். சொன்னால் அடி விழும் இடத்தில் உண்மைக்கு அது ஒரு முக்காடு.

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் எழுபதைத் தொட்ட டேனரித் தொழிலாளியிடம் பிறந்த தேதி கேட்டால், பள்ளிச் சான்றிதழில் ஜூன் 1 என்று இருக்கும். சேர்க்கும்போது தலைமையாசிரியர் குத்துமதிப்பாகப் போட்ட தேதி. ரேஷன் கார்டில் ஒரு வயது, வாக்காளர் அட்டையில் ஒரு வயது. அரசு முத்திரை விழுந்த தாள்கள் மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. “எம்ஜியார சுட்ட வருசம் தொட்டில எறங்குனேன்” என்று அவர் தொடங்கினால் அது 1967. அந்தக் கணக்கு தவறாது. சுண்ணாம்புத் தொட்டியில் வெறுங்காலோடு நின்றதை, ஆவாரம்பட்டைத் தண்ணீரின் வாடையை, முதல் வாரக் கூலியை யாரிடம் கொடுத்தார் என்பதைச் சொல்வார். கூலி எவ்வளவு என்பதில் ஒருநாள் ஒன்று, மறுநாள் வேறொன்று வரும். குறிப்பெடுக்கும் பேரன், “தாத்தா, நேத்து வேற சொன்னீங்களே” என்பான். அவர் பதில் சொல்லாமல் வேட்டியைக் கொஞ்சம் தூக்கி, காலை வெளிச்சத்துப் பக்கம் நீட்டுவார். கணுக்காலுக்குக் கீழே சுண்ணாம்பு தின்ற இடங்கள் வெளுத்துப்போய், விரலிடுக்கு வரை இருக்கும்.