தாதியைப் பற்றிப் புகார் செய்வது எப்போது?

நம் அன்பர்களுள் பலருக்கும் ஊரில் வயது முதிர்ந்த தாயோ தந்தையோ, அத்தையோ பெரியப்பாவோ இருக்கிறார்கள். பிழைப்பை நாடிப் பம்பாய்க்கும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் அதற்கப்பாலும் சென்றுவிட்ட குடும்பங்களில் இது இயல்பே. கல்பாத்தியில் ஐப்பசிக் கடைசியில் விசுவநாத சுவாமியின் தேர் ஓடும் மூன்று நாட்களும் தெருக் கொள்ளாத கூட்டம். அது கழிந்ததும் அக்கிரகாரத்துத் திண்ணைகளில் எஞ்சியிருப்போர் பெரும்பாலும் எழுபதைக் கடந்தவர்களே. அவர்களுக்கு உடல் நலம் குன்றினால் முதலில் கைத்தாங்கல் கொடுப்பவர் மகனும் அல்லர், மருமகளும் அல்லர். ஆஸ்பத்திரியில் பணியாற்றும் தாதியே. ஆகவே, தாதியின் நடத்தையில் குறை கண்டால் என் செய்வது என்னும் வினா நமக்கு அயலானதன்று.

இவ்வினாவுக்கு நம்மவரிடையே இருவகை விடைகள் வழங்குகின்றன. “நோயாளி அவர்கள் கையில் இருக்கும்போது பகைத்துக்கொள்ளலாமா? வாயை மூடிக்கொண்டு வீடு வந்து சேருவோம்” என்பது ஒன்று. இது அருகிலிருப்போர் கூறும் விடை. “உடனே எழுதிக் கொடு, வேலையை விட்டே நீக்கச் சொல்” என்பது மற்றொன்று. இது பெரும்பாலும் தொலைபேசியில், ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வருவது. முன்னதில் அச்சமும், பின்னதில் அருகிலிருக்க இயலாத துயரமும் பேசுகின்றன. இரண்டும் மனித இயல்பே. ஆயினும் நடந்தது என்ன என்பதை இரண்டுமே ஆராய்வதில்லை.

எங்கள் குடும்பத்தில் நேர்ந்த ஒன்றைக் கூறுகிறோம். எண்பத்து மூன்று வயதான எங்கள் அத்தை, சமையலறைப் படியில் கால் தவறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஓர் ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை பெற்றார். ஆஸ்பத்திரியின் பெயர் இங்கு வேண்டியதில்லை. ஒரு வாரத்தில் மூன்று குறைகள் எங்கள் செவிக்கு எட்டின. இரவில் ஒரு தாதி, “இப்போதுதானே பாத்திரம் வைத்தேன், மறுபடியுமா?” என்று சிடுசிடுத்தாள் என்பது முதலாவது. மணியை அழுத்தி அரைமணி நேரம் கழித்தே ஒருவர் வந்தார் என்பது இரண்டாவது. மூன்றாவதைக் கண்டறிந்தவள் துணைக்கு இருந்த எங்கள் வீட்டுப் பெண். அத்தையின் இடுப்புக்குப் பின்புறம் தோல் சிவந்து கன்றியிருந்தது. இரண்டு மணிக்கு ஒரு முறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்ததாகக் குறிப்பேட்டில் எழுதியிருந்தது. ஆனால் முந்திய நாள் மாலை ஆறு மணி முதல் இரவு பன்னிரண்டு வரை அவள் கட்டிலருகிலேயே அமர்ந்திருந்தாள். ஒருவரும் வந்து புரட்டவில்லை.

செய்தி பம்பாய்க்கு எட்டியது. அத்தையின் மூத்த மகன் சிடுசிடுத்த தாதியின் பெயரைக் குறிப்பிட்டுக் கடுமையான கடிதம் ஒன்றை எழுதி அனுப்பிவிட்டான். அதை மேலிடத்தில் கொடுக்குமுன், மூன்று குறைகளையும் தனித்தனியே எடுத்து நோக்குவது என்று நாங்கள் தீர்மானித்தோம்.

முதற் குறையைப் பற்றி அத்தையையே வினவினோம். “அந்தக் குழந்தைக்கு நான் ஒருத்தியா? ராத்திரி முழுக்க ஒத்தையா ஓடறாள். சிடுசிடுன்னாலும் பாத்திரத்தை வச்சாளோல்லியோ?” என்றார். இரண்டாவதன் காரணமும் அவர் சொல்லிலேயே அடங்கியிருந்தது. இரவில் அந்த வார்டில் இருபத்தெட்டுப் படுக்கைகளுக்குத் தாதியர் இருவர். ஒருவர் அறுவைச் சிகிச்சை முடிந்து வந்த நோயாளியிடம் நின்றால் மற்றவர்மேல் அனைத்துச் சுமையும் விழும். இது நிர்வாகம் விடையிறுக்க வேண்டிய குறை. இதற்கென ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லிப் புகார் செய்வது நியாயமாகாது. மூன்றாவதோ முற்றிலும் வேறு. புரட்டாமல் விட்டால் தோல் அழுகிப் படுக்கைப்புண்ணாகும். முதியவர்களுக்கு அதுவே உயிருக்கு உலை வைக்கலாம். செய்யாததைச் செய்ததாக எழுதினால், அடுத்து வரும் டாக்டரும் தாதியும் அதை நம்பியே நடப்பார்கள். ஆகவே இது புகாருக்கு உரியது என்பதில் எங்களுக்கு ஐயமிருக்கவில்லை.

வார்டுப் பொறுப்பிலிருந்த மூத்த சிஸ்டரிடம் முதலில் வாய்மொழியாகக் கூறினோம். அன்று மாலையே காற்று மெத்தை வந்தது. பின்னர் நாள், நேரம், நேரில் கண்டது இவற்றை மட்டும் எழுதி, தாதியர் கண்காணிப்பாளரிடம் கொடுத்தோம். விசாரணையில் ஒன்று வெளிப்பட்டது. அக்குறிப்பை எழுதியவள் சிடுசிடுத்தவள் அல்லள். வரும்போதெல்லாம் “பாட்டி, பாட்டி” என்று கொஞ்சிப் பேசிய மற்றொருத்தி. முறை தொடங்கும்போதே நேரங்களை முன்னதாக நிரப்பிவைக்கும் வழக்கம் அந்த வார்டில் புகுந்திருந்தது. சிடுசிடுத்தவளோ தன் முறை வந்த இரவுகளில் தவறாமல் புரட்டியிருந்தாள். பம்பாயிலிருந்து வந்த கடிதத்தைக் கொடுத்திருந்தால் தண்டனை யாரைச் சென்றடைந்திருக்கும் என்பதை அன்பர்களே ஊகிக்கலாம்.

குரலின் இனிமையும் பணியின் ஒழுங்கும் ஒன்றல்ல. புகார் என்று வரும்போது நாம் அளக்க வேண்டியது பணியையே.

பணியின் சிறப்புக்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. பம்பாய்ப் பரேலிலுள்ள கே.இ.எம். ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்த அருணா ஷான்பாக், 1973 நவம்பரில் அங்கேயே ஓர் ஊழியனால் தாக்கப்பட்டு உணர்விழந்தார். 2015 மே 18-இல் மறையும் வரை, ஏறத்தாழ 42 ஆண்டுகள், அந்த ஆஸ்பத்திரித் தாதியரே தலைமுறை தலைமுறையாக அவரைப் பேணினர். 2011 வரையிலான ஆண்டுகளில் அவருக்கு ஒரு படுக்கைப்புண்ணும் உண்டாகவில்லை என்று ஆஸ்பத்திரித் தலைவர் கூறியது, 2011-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது.

மௌனத்தால் விளையும் கேட்டுக்குச் சான்று இங்கிலாந்திலிருந்து கிடைக்கிறது. ஸ்டாஃபோர்டு நகரத்து ஆஸ்பத்திரியில் நோயாளிகள் எட்டாத இடத்தில் தண்ணீர் வைக்கப்பட்டது. உண்ண உதவுவாரின்றிப் பலர் வாடினர். அழுக்கான விரிப்பிலேயே கிடந்தவர்களும் உண்டு. 2007-இல் அங்கே தாயை இழந்த ஜூலி பெய்லி என்னும் பெண்மணி, தம்மைப் போன்ற குடும்பங்களைத் திரட்டி ஓயாமல் முறையிட்டார். அதன் பின்னர் நடந்த பொது விசாரணையின் அறிக்கை, 290 பரிந்துரைகளுடன் 2013 பெப்ரவரியில் வெளியாயிற்று. தனி மனிதரின் அலட்சியம் மட்டுமன்றி, செலவைக் குறைக்கும் நோக்கில் நிர்வாகம் ஆட்களைக் குறைத்ததும் காரணம் என்று அது காட்டியது. அக்குடும்பங்கள் வாய்மூடி இருந்திருந்தால் இவை வெளிச்சத்துக்கு வந்திருக்குமா என்பது ஐயமே.

தாதியர் நிலையையும் நாம் மறத்தலாகாது. கேரளத்தில் தனியார் ஆஸ்பத்திரித் தாதியர் பல்லாண்டு போராடிய பின்னரே, 2018 ஏப்ரலில் அவர்களுடைய குறைந்தபட்ச அடிப்படை ஊதியம் மாதம் 20,000 ரூபாய் என அரசு அறிவித்தது. அதற்கடுத்த மாதமே, பேராம்பிரா ஆஸ்பத்திரியில் நிபா நோயாளியைப் பேணிய லினி என்னும் தாதி அதே நோயால் உயிர் நீத்தார். பஹ்ரைனில் பிழைப்பு நடத்திய கணவருக்கு அவர் எழுதிவைத்த கடிதத்தைப் படித்துக் கலங்காதவர் இலர். கடன் வாங்கிப் படித்து, நம் பிள்ளைகளைப் போலவே கடல் கடந்து உத்தியோகம் பெற விழையும் பெண்கள் இவர்களுள் பலர். வெளிநாட்டு வேலைக்குப் பதிவுக் கவுன்சிலின் நன்னிலைச் சான்று வேண்டும். ஆதலின் ஆராயாமல் எழுதும் ஒரு கடிதம் ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தையே குலைத்துவிடக்கூடும்.

அதே சமயம், சற்றும் தயங்காமல் புகார் செய்ய வேண்டியவை சில உண்டு. நோயாளியை அடித்தல், டாக்டர் உத்தரவின்றிக் கட்டிலோடு கட்டுதல், மருந்து மாறியதை மறைத்தல், பொய்க் குறிப்பு எழுதுதல், கையூட்டுக் கேட்டல், மானத்தைக் குலைக்கும்படி நடத்தல், சாதி மதம் சுட்டி இழித்துரைத்தல். இவற்றுள் எதற்கும் வேலைப்பளு சமாதானமாகாது. ஏனையவற்றில் நம்மை நாமே நான்கு வினாக்கள் கேட்டுக்கொள்ளலாம். நோயாளிக்குத் தீங்கு நேர்ந்ததா, நேரக்கூடுமா? ஒரு முறையா, பன்முறையா? குறை ஆளிடமா, ஏற்பாட்டிலா? நாம் வேண்டுவது பரிகாரமா, பழியா?

புகார் செய்யும் முறையும் எளிதே. முதலில் வார்டுப் பொறுப்பாளர், பின் தாதியர் கண்காணிப்பாளர், அதன் பின் ஆஸ்பத்திரி நிர்வாகம். பகை வந்துவிடுமோ என்று அஞ்சுவோர், பெயரைச் சொல்லாமல் செயலைச் சொல்லித் தொடங்கலாம். அதுவரை வீட்டார் ஒருவர் அருகிலிருப்பது நலம். 2019-இல் மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பிய நோயாளர் உரிமைச் சாசனம், குறிப்பேட்டின் நகலைப் பெற நோயாளிக்கு உரிமையுண்டு என்கிறது. தொழில் ஒழுக்கத்தை மீறிய கடுங்குற்றமாயின், பதிவு செய்துள்ள கேரளத் தாதியர் கவுன்சிலுக்கு எழுதலாம். கட்டணம் செலுத்திப் பெற்ற சிகிச்சையாயின், 1995-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி நுகர்வோர் மன்றத்தையும் நாடலாம். அதற்கு இரண்டாண்டுக் காலவரையறை உண்டு.

ஏஜென்சி வழியாக நாம் வீட்டில் அமர்த்தும் ‘ஹோம் நர்ஸ்’ பலரும் பதிவு பெற்ற தாதியர் அல்லர். கவுன்சிலின் கட்டுப்பாடு அவர்களுக்கு இல்லை. ஆகவே அமர்த்தும்போதே படிப்பு, பதிவு எண், செய்யவேண்டிய வேலைகள், ஓய்வு நேரம் ஆகியவற்றை எழுத்தில் முடிவு செய்துகொள்வது இரு தரப்பினருக்கும் நன்மை தரும்.

தொலைவிலிருக்கும் அன்பர்களுக்கு எங்கள் விண்ணப்பம் இதுவே. ஊரிலிருந்து குறை காதில் விழும்போது, யாரை நீக்குவது என்று கேட்குமுன், என்ன நடந்தது, எந்த நேரத்தில், யார் கண்டது என்று கேளுங்கள். விடைகளை ஒரு தாளில் குறித்துவைக்கச் சொல்லுங்கள். புகார் வேண்டுமா வேண்டாமா என்பதைப் பெரும்பாலும் அந்தத் தாளே கூறிவிடும். வேண்டும் என்று கூறினால், அடுத்து அந்தப் படுக்கைக்கு வரப்போகும் நோயாளியையும் எண்ணித் தயங்காமல் கொடுத்துவிடுங்கள்.