மூன்றாம் ஆளுக்கான பத்திரம்

பக்கத்து வீட்டுப் பிள்ளை காப்புறுதி முகவர் பரீட்சைக்குப் படிக்கிறாள். வாகனக் காப்புறுதிப் பாடத்தில் வந்து நின்றுவிட்டாள்.

"மாமா, சொந்த வாகனத்துக்கும் சேர்த்துக் காப்புத் தாற ஃபுல் இன்சூரன்ஸைச் சட்டம் கேக்கேல்ல. தேர்ட் பார்ட்டியை மட்டும் ஏன் கட்டாயமாக்கினது?"

நல்ல கேள்வி. அன்று முழுக்க அதையே யோசித்தேன். என் கார் நெளிந்தால் நட்டம் என்னோடு போகும். என் கார் தட்டி ஒருவருக்குக் கால் முறிந்தால்? என்னிடம் காசில்லாவிட்டால் அவர் எங்கே போவார்? இலங்கையின் 1951ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துச் சட்டம் கவலைப்பட்டது அவரைப் பற்றித்தான். சாவுக்கும் உடற்காயத்துக்கும் பொறுப்பேற்கும் காப்புறுதி இல்லாமல் வாகனத்தைத் தெருவில் இறக்கக்கூடாது. அது இல்லாவிட்டால் வருடாவருடம் எடுக்கும் வருமான அனுமதிப்பத்திரமும் கிடைக்காது. பிரித்தானியா 1930இலேயே இப்படியொரு சட்டம் செய்தது. முன்பின் தெரியாத ஒருவருக்காக நாங்கள் காசு கட்டி வைக்கிறோம் என்பது எனக்கு இன்றைக்கும் பெரிய விஷயமாகவே படுகிறது.

இதை யோசிக்கையில் பெரியப்பாவின் ஞாபகம் வந்தது. தொண்ணூறுகளில், யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக் காலத்தில், அவருடைய ஒஸ்ரின் ஏ40 கார் மண்ணெண்ணெயில் ஓடியது. பெற்றோல் பவுணுக்குச் சமம். போத்தலில் ஒளித்து வைத்திருப்பதில் சில சொட்டுக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். வெள்ளைப் புகை வேலிக்கு மேலால் போகும். ஒருநாள் கொழும்புத்துறை வீதியில், ஒழுங்கைக்குள்ளிருந்து சைக்கிளில் பாய்ந்து வந்த பொடியன் ஒருவனைக் கார் தட்டிவிட்டது. பெரியப்பா அவனைத் தூக்கிப் பின்சீற்றில் கிடத்திக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினார். பதறியடித்து வந்த தாயிடம், "பிழை என்ரதுதான் தங்கச்சி, முழுச் செலவும் நான் பாக்கிறன்" என்றார். பொடியனுக்குக் கை முறிவு. பிளாஸ்ரர் வெட்டும்வரை முட்டையும் பாலும் அவன் வீட்டுக்குப் போயின. கோணிய றிம்மையும் நிமிர்த்திக் கொடுத்தார். காப்புறுதி என்ற பேச்சை ஒருவரும் எடுக்கவில்லை.

பிள்ளையின் பாடத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது: விபத்து நடந்தால், கொம்பனியின் சம்மதமின்றிக் குற்றத்தை ஒப்புக்கொள்ளவோ பணம் தருவதாக வாக்குக் கொடுக்கவோ கூடாது. பெரியப்பா சொன்ன அந்த ஒரு வசனம் இரண்டையும் மீறியது. வாசித்தபோது முதலில் கோபம்தான் வந்தது. மனிதத்தன்மையைத் தடுக்கிற எழுத்தாகத் தெரிந்தது.

பிறகு மனம் மாறியது. முறிந்தது கை என்றபடியால் முட்டையும் பாலும் போதுமாயிருந்தன. முதுகெலும்பு என்றால்? ஆயுள் முழுக்கப் படுக்கையில் கிடக்கும் ஒரு பிள்ளைக்குப் பெரியப்பாவின் வாக்கு எத்தனை காலம் தாங்கும்? அவருடைய இரக்கத்துக்கு அளவில்லை. மடியிலிருந்த காசுக்கு அளவிருந்தது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் சட்டம் கொம்பனியை இழுத்து வைத்திருக்கிறது. வழக்கில் தீர்ப்பானால், காயப்பட்டவருக்குரிய பணத்தைக் கொம்பனிதான் கட்டவேண்டும். வழக்குப் பற்றி அதற்கு உரிய நேரத்தில் அறிவித்திருக்க வேண்டும்.

இங்கே இன்னும் தெருவோரத்திலேயே "சமாளிச்சு விடுவம்" என்று கையில் கொஞ்சக் காசை வைத்து முடிக்கிறோம். வாங்குகிறவர் பெரும்பாலும் ஏழை. உள்காயம் இருக்கிறதா என்று தெரிய முன்னரே கணக்கு முடிந்துவிடுகிறது. இது நியாயமில்லை.

காயப்பட்டவரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அதை எந்த நிபந்தனையும் தடுக்காது. பொலிசுக்கும் கொம்பனிக்கும் அறிவியுங்கள். உங்கள் காப்புறுதிப் பத்திரத்தின் இலக்கத்தை அவர் வீட்டாரிடம் கொடுங்கள். அந்தக் காப்பு அவருக்காக எடுத்தது.