தண்ணீர்மலையில் பனிக்கால விருந்தினர்

பினாங்குத் தீவிற்குப் பனிக்காலம் என்று ஒன்றில்லை. மார்கழியிலும் நண்பகல் வெயில் 30 பாகைக்கு மேல் காய்கிறது. ஆயினும், சைபீரியாவும் வடசீனமும் உறையத் தொடங்குமுன்பே அங்கிருந்து புறப்பட்ட சிறு பறவைகள் செப்டம்பர் தொடங்கி இத்தீவில் வந்திறங்குகின்றன. 1884-இல் சார்லஸ் கர்ட்டிஸ் பொறுப்பில் தாவரவியல் பூங்கா உருவான அருவிப் பகுதியைத் தமிழர் தண்ணீர்மலை என்றே வழங்குவர். தைப்பூசத்தன்று முருகனை நாடிப் பெருங்கூட்டம் திரளும் அவ்வட்டாரத்துக் காட்டில், அதே நாள்களில், சைபீரிய நீலச்சிட்டும் தங்கியிருக்கிறது. அதைக் கண்டவர் மிகச் சிலர்.

பாடும் பறவை எனப் பெயர் பெற்றும், பனிக்காலத்தில் அது பாடுவதில்லை. துணையை அழைக்கவும் எல்லையைக் காக்கவுமே பாட்டு. துணை தேடும் கவலையோ வடக்கே விட்டு வந்தது. எனவே படம் பிடிப்போர்க்குச் செவி பெரிதும் உதவாது. சருகுகளிடையே தத்தித் திரியும் அச்சிட்டு ஓயாமல் வாலை நடுக்கிக்கொண்டிருக்கும். அடர்நிழலில் ஒளியோ மிகக் குறைவு. கதவை நீட்டித் திறந்தால் படம் கலங்கும், விரைந்து மூடினால் இருளும். படச்சுருள் காலத்தில் 36 படங்களுள் ஒன்றிரண்டு தேறினாலே பெரும் பேறு. கொசுக்கடி தனிக்கணக்கு!

கோலாலம்பூரில் பிறந்த லோக் வான் தோ (1915–1964) பெருஞ்செல்வராயிருந்தும் பறவைகளுக்காக நாள்கணக்கில் காத்திருந்தவர். சலீம் அலியுடன் இந்தியாவிலும் பயணம் செய்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனாகிய மா. கிருஷ்ணன் (1912–1996) கறுப்பு வெள்ளைப் படத்தையே இறுதிவரை விரும்பினார். இருவருக்கும் காத்திருத்தலே முதற்கருவி.

இன்று சிலர் அப்பொறுமையை வேண்டாததாக்கிவிட்டனர். பதிவு செய்த பாட்டை ஒலிக்கச் செய்கின்றனர், புழுக்களைத் தூவுகின்றனர். இங்கேயே வாழும் சோலைபாடி, பகைவன் வந்தான் என மயங்கி வெளியே பாய்கிறது, படம் கிடைக்கிறது. கூண்டுப் பறவையைப் பாடவைத்துக் காட்டுப் பறவையைப் பிடிக்கும் வேடனின் உத்தியும் இதுவேயன்றோ? ஒருவன் உடலைக் கொண்டுபோகிறான். மற்றவன் படத்தோடு நிற்கிறான் என்பது மெய்யே. ஆனால் குஞ்சுக்கு இரை தேட வேண்டிய நேரத்தை இல்லாத பகைவனோடு போராடி இழந்த பறவைக்கு அவ்வேறுபாடு விளங்குமா?

கூண்டின் ஆசை எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு மலாய்க்காரர் 'பாராவ்-பாராவ்' என அழைக்கும் மஞ்சள்தலைக் கொண்டைக்குருவியே சான்று. ஆற்றோரங்களில் ஒலித்த அதன் குரலுக்கு விலை ஏறியது, ஆறுகள் ஊமையாயின. 2018-இல் அது அழிவின் விளிம்பிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. 2022 நவம்பரில் பனாமாவில் கூடிய உலக நாடுகள் அதன் பன்னாட்டு வணிகத்தைத் தடைசெய்தன. சோலைபாடியின் வணிகத்தையும் கட்டுப்பாட்டுக்குள் கொணர்ந்தன.

நீலச்சிட்டை நாடுவோர் விடியுமுன் ஓடைக்கரையில் அசையாது அமர்கின்றனர். இரண்டு நாள் வராத பறவை மூன்றாம் நாள் நான்கடித் தொலைவில் வந்து நிற்பதுண்டு. அப்போது கருவியை உயர்த்தினால் பறந்துவிடும். ஏப்ரலுக்குள் அது வடக்கே போய்விடுகிறது.