‘படபட’வில் எத்தனை ‘பட’?

‘படபட’ என்ற சொல்லில் ‘பட’ எத்தனை முறை வருகிறது? யாரைக் கேட்டாலும் சட்டென்று ‘இரண்டு’ என்பார்கள். எழுத்துகள் ஒட்டியிருக்க வேண்டியதில்லை, வரிசை மாறாமல் இருந்தால் போதும் என்று ஒரு விதியைச் சேர்த்தால் விடை மூன்று. முதல் ‘ப’வோடு கடைசி ‘ட’வும் ஜோடி சேர்ந்துகொள்கிறதே!

கேம்பஸ் இன்டர்வியூவுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு இந்தப் புதிர் பழக்கமானது. நீளமான எழுத்து வரிசை ஒன்றைக் கொடுத்து, அதற்குள் ஒரு சொல் எத்தனை வழிகளில் ஒளிந்திருக்கிறது என்று எண்ணும் புரோகிராமை எழுதச் சொல்வார்கள். பார்க்க விளையாட்டு போலத்தான் இருக்கும். நேரம் ஓட ஓட, ‘நமக்குக் கணக்கு வராது’ என்ற பழைய பயம் எட்டிப் பார்க்கும். எத்தனையோ பேர் பேனாவைக் கீழே வைத்துவிடுவது அந்த இடத்தில்தான்.

2009-ல் கூகுள் நடத்திய ‘கோட் ஜாம்’ போட்டியின் தகுதிச் சுற்றிலும் இது வந்தது. ‘வெல்கம் டு கோட் ஜாம்’ என்ற ஆங்கில வாசகம், இடைவெளிகளையும் சேர்த்து 19 எழுத்து. 500 எழுத்து வரை நீளும் வரிசையில் அது எத்தனை வழிகளில் கிடைக்கும்? விடை மிகப் பெரிதாகிவிடலாம் என்பதால், கடைசி நான்கு இலக்கங்கள் போதும் என்றார்கள்.

கம்ப்யூட்டர்தான் வேகமானதாயிற்றே, ஒவ்வொரு வழியாகத் தேடட்டும் என்று விட்டால்? 500 இடங்களில் 19-ஐத் தேர்ந்தெடுக்கும் வழிகள், 1-க்குப் பின்னால் 34 சைபர் போட்ட எண்ணையும் தாண்டும். நொடிக்கு 100 கோடி வழிகளைப் பார்த்தாலும் பிரபஞ்சத்தின் வயது போதாது.

இதைத் தீர்க்கும் வழி ‘படபட’விலேயே இருக்கிறது. தாளில் இரண்டு கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில், இதுவரை வந்த ‘ப’ எத்தனை. இரண்டாவதில், இதுவரை கிடைத்த ‘பட’ எத்தனை. ‘ப’ வந்தால் முதல் கட்டத்தில் 1 கூட்டுங்கள். ‘ட’ வந்தால், முதல் கட்டத்தில் உள்ள எண்ணை அப்படியே இரண்டாவதோடு கூட்டுங்கள். முன்னால் வந்த ஒவ்வொரு ‘ப’வோடும் அந்த ‘ட’ சேரும் அல்லவா? ‘படப’ வரை வந்தால் கட்டங்களில் 2, 1. கடைசி ‘ட’வுக்குப் பிறகு 2, 3. விடை கையில்.

சொல் நீண்டால், எழுத்துக்கு ஒரு கட்டம். அதில் ஒரே எழுத்து அடுத்தடுத்து இரண்டு முறை வந்தால் மட்டும் கவனம் தேவை: கடைசிக் கட்டத்திலிருந்து முதல் கட்டம் நோக்கித் திருத்திக்கொண்டு வர வேண்டும். இல்லையென்றால், வந்தது ஓர் எழுத்து, எண்ணியது இரண்டு என்றாகிவிடும்.

கோட் ஜாம் புதிருக்கு 19 கட்டம், 500 எழுத்து. 9,500 படிகளில் வேலை முடியும். கம்ப்யூட்டருக்கு அது கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. இந்த முறைக்கு ‘டைனமிக் புரோகிராமிங்’ என்று 1950-களில் பெயர் வைத்தவர் அமெரிக்கக் கணிதவியலாளர் ரிச்சர்ட் பெல்மன். மிரட்டுவது பெயர்தான், இங்கே செய்ததெல்லாம் கூட்டல்.

எந்த ‘ப’ எங்கே இருந்தது என்று கட்டம் நினைவில் வைப்பதில்லை. எத்தனை என்று மட்டும் வைத்திருக்கிறது. அதுவே போதுமானதாக இருக்கிறது.

‘எனக்குக் கணக்கு வராது’ என்று சொல்லும் பிள்ளை வீட்டில் இருந்தால், ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து ‘படபடபட’வில் எத்தனை ‘பட’ என்று கேட்டுப் பாருங்கள். ஆறு என்று விடை வந்தால், பயத்தில் பாதி போய்விட்டது என்று பொருள்.